வலதுக்குப் போட்டு இடதுக்கு எரிந்த விளக்கு

மேடை ஏறினால் முதல் வாக்கியத்திலேயே தன் கட்சியைச் சொல்லிவிட வேண்டும் என்று பழக்கப்பட்டவள் நான். எனவே இங்கும் சொல்லிவிடுகிறேன். வாகனத்தில் நேரும் பழுது பொய் சொல்வதில்லை. அதன் பேச்சைக் கேட்கப் பொறுமையில்லாதவர்கள்தான் அவசரப்பட்டு மனிதர்களைப் பொய்யர்களாக்கி விடுகிறார்கள். மலேசியாவில் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வாகனப் பணிமனையின் மின்பிரிவில், என் பணிக்காலம் முழுவதும் இந்தக் கட்சிக்காகவே வாதாடியிருக்கிறேன். எல்லா வழக்கிலும் வென்றேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் வென்ற ஒரு வழக்கை நினைத்தால் இன்றும் என் முதுகு நிமிர்கிறது.

சென்ற ஆண்டு நான் ஓய்வு பெற்றபோது, பணிமனையின் இளையவர்கள் பிரிவு விருந்தில் ஒரு கேள்வி கேட்டார்கள். இப்போது தோட்டத்துக்கு வரும் புதிய வாகனங்களில் கணினியைச் செருகினால் அதுவே பழுதின் பெயரைத் திரையில் எழுதிக் காட்டிவிடுகிறது. “இதெல்லாம் இல்லாத காலத்துல ‘ஆமை’யோட சிக்னல் கேஸ எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” என்றார்கள். கணினியை நான் குறை சொல்பவள் அல்லள். அது இருந்திருந்தால் என் முழங்கால்கள் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த வழக்கில் கணினியும் கைவிரித்திருக்கும். காரணம், அதில் மின்சாரம் குற்றமற்றது. விருந்து மேடையில் அதைச் சொல்ல நேரம் போதவில்லை. ஆதலால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்துக்குச் சில வரிகள் போதும். பள்ளியில் சொற்போர் அணிக்குத் தலைவி. எதிரணியின் மூன்றாம் பேச்சாளர் என்ன சொல்லப்போகிறார் என்பதை முதல் பேச்சாளரின் மூச்சிலேயே கண்டுபிடித்து மடக்குவேன் என்று பெயர் வாங்கியவள். பக்கத்து ஊரான தானா ராத்தாவின் மண்டபத்தில் நான் பெற்ற சுழற்கிண்ணம் ஓராண்டு முழுதும், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான எங்கள் லயத்து வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு ஈப்போவில் வாகன மின்கம்பித் தொழில் படித்தேன். பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டவர்களுக்கு நான் ஆற்றிய பதிலுரைகளைத் தொகுத்தால் தனி நூலாகும். படிப்பு முடிந்ததும் பிறந்த தோட்டத்துக்கே வேலைக்கு வந்தேன்.

பணிமனையின் போர்மேன் ஆ சோங், சீனர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய அப்பா எங்கள் லயத்தை ஒட்டிக் கடை வைத்திருந்தார்; எங்கள் பிள்ளைகளோடு கோலி விளையாடியே ஆ சோங் தமிழ் கற்றிருந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது ஒரே ஒருமுறைதான். பழுதான வண்டி வந்தால் முதலில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஓட்டுநருக்கு எதிரே உட்காருவார். நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொல்வார். குறுக்கிடமாட்டார். எல்லாம் கேட்ட பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். பின்பு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தையில் மாடு பார்ப்பவரைப்போல வண்டியைச் சுற்றி வருவார். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பழுதைக் கண்ணால் காணும்வரை ஒரு திருகாணியையும் கழற்றக்கூடாது.

“பாக்காத பழுத ரிப்பேர் பண்ண முடியாது லா,” என்பார், மலேசியப் பேச்சின் ‘லா’வோடு. “பார்ட்ஸ்தான் மாத்த முடியும்.”

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு டிராக்டரின் முன்விளக்கு ஏன் எரியவில்லை என்பதை அவருக்கு விளக்கினேன். முன்னுரை, மூன்று காரணங்கள், மறுப்புரை, முடிவுரை என்று ஒழுங்காகவே பேசினேன். கடைசிவரை கேட்டவர், விளக்கை ஒருமுறை பார்த்தார்.

“ரொம்ப நல்லா பேசறம்மா. லைட்டுக்குக் கேக்கல போல.”

பணிமனையே சிரித்தது. அன்றுமுதல் நான் அவருக்குப் ‘பேச்சாளரம்மா’. நானும் சிரித்தேன், ஆனால் அந்த விளக்கு எரிந்த பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

அவருடைய சட்டத்தை நான் உண்மையிலேயே ஏற்றுக்கொண்டது தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஒன்றால். இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அது தானாகவே ஹார்ன் அடிக்கும். பணிமனையில் நிறுத்தினால் கோயில் யானையைப்போல் அமைதி. வேறு வழியில்லாமல் நானும் அதில் ஏறி ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றினேன். திரிங்காப் சரிவுகளில் பூத்தோட்டக்காரர்கள், யாரோ அவசரமாக வருகிறார்கள் என்று ஒவ்வொரு வளைவிலும் வேலியோரம் ஒதுங்கி நின்று எங்களைத் திட்டினார்கள். ஸ்டீரிங் தண்டில் தோல் உரிந்த கம்பி ஒன்று உராய்வதை ஓடும் லோரியில் குனிந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நிற்கும் வண்டி சாட்சி சொல்லாது என்று அன்று தெளிந்தேன். அந்தத் தெளிவுதான் பிற்பாடு எனக்கு உதவியது.

இனி ‘ஆமை’.

ஆங்கிலேயத் துரைமார் காலத்தில் வாங்கிய சிறிய கார் அது. முதுகு வளைந்து, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டது போன்ற உருவம். ஏற்றத்தில் நடையும் அப்படித்தான். நிர்வாகம் அதைப் புதுப்பித்து, தானா ராத்தாவிலிருந்து விருந்தினர்களை அழைத்துவந்து தேயிலைத் தொழிற்சாலையைக் காட்டப் பயன்படுத்தியது. வெளிநாட்டார் அதில் ஏறுமுன் படம் எடுப்பார்கள், இறங்கிய பின்னும் எடுப்பார்கள். எல்லாப் படங்களிலும் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு மணியம் அண்ணன் நிற்பார். அந்தக் காரை ஓட்டியவர் அவர் ஒருவரே. ஓட்டுநருக்கென்று ஒதுக்கிய வீடும் அவருக்கு அந்த வேலையோடு வந்ததுதான்.

ஆமையின் சிக்னல் முறை எளியது. ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு லிவர். வலப்பக்கம் தள்ளினால் வலது விளக்குகள், இடப்பக்கம் தள்ளினால் இடது விளக்குகள். திரும்பி முடித்து ஸ்டீரிங் நேராகும்போது, உள்ளிருக்கும் ஒரு சிறு பல் லிவரைத் தட்டி நடுவுக்குத் தள்ளும், விளக்கு அணைந்துவிடும். விளக்கு எரிகிறது என்று ஓட்டுநருக்குத் தெரிவிக்க ‘டிக் டிக்’ என்ற சத்தமும், எதிரே ஒரு பச்சைப் பொட்டு விளக்கும் உண்டு. வலதுக்கும் இடதுக்கும் சேர்த்து அந்த ஒரே பொட்டுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் தோட்டத்துச் சந்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். தானா ராத்தாவிலிருந்து வடக்கே வரும் பெருஞ்சாலையில் முதலில் சிறிய முனீஸ்வரர் கோயில். அதைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு கூரான வளைவு. வளைவு முடிந்து சிறிது தூரம் நேர்சாலை. உடனே வலப்பக்கம் எங்கள் தோட்டத்துக்குள் திரும்பும் வழி. வளைவுக்குப் பின்னால் வருபவருக்கு யோசிக்க நேரமிராது என்பதால், தோட்டத்து ஓட்டுநர் எல்லாரும் கோயிலருகிலேயே வலது சிக்னல் போட்டுவிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் நிலையான உத்தரவு. வேறெந்த ஊரிலும் ஒரு வளைவுக்கு முன்பே அடுத்த திருப்பத்துக்குச் சிக்னல் போடமாட்டார்கள். எங்கள் ஆள்கள் போடுவார்கள்.

மலைச்சாலையில் ஓட்டுநர்களுக்குள் எழுதாத வழக்கம் இன்னொன்றும் உண்டு. மெதுவாக ஏறும் வண்டி இடது சிக்னல் போட்டால், ‘நீ முந்திப் போ’ என்று பின்னால் வருபவருக்கு வழிவிடுவதாகப் பொருள். வலது போட்டால், ‘முந்தாதே’.

தூறலும் பனியுமாக இருந்த ஒரு மாலை. மணியம் அண்ணன் வெளிநாட்டுத் தம்பதியரை ஏற்றிக்கொண்டு வந்தார். சந்தியில் வலப்பக்கம் திரும்பினார். அதே நொடியில், சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகக் கோலா தெர்லாவுக்குத் திரும்பிய காய்கறி லோரி ஒன்று அவரை முந்த வலப்பக்கம் ஏறியது. ஆமையின் வலது முன்பக்கம் நசுங்கியது. அந்த அம்மையாரின் நெற்றியில் அடி. தானா ராத்தா மருத்துவமனையில் கட்டுப்போட்டு அன்றே அனுப்பிவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் காலை பணிமனையில் மூண்ட சண்டையில் யாரும் அதற்காக நிம்மதி அடைந்ததாகத் தெரியவில்லை.

லோரி ஓட்டுநர் குணா தன் முதலாளியோடு வந்திருந்தான். முப்பது வயதைத் தொடாத, வாய்த்துடுக்கான பிள்ளை.

“கண்ணு தெரியலையாடா உனக்கு? முனீஸ்வரர்கிட்டயே வலது போட்டேன்!” என்றார் மணியம் அண்ணன்.

“என்னாண்ணே பேசறீங்க? இடது போட்டு ‘போடா தம்பி’ன்னு வழி விட்டீங்க. அதான் ஏறுனேன். இல்லன்னா எனக்கென்ன பைத்தியமா, ஜங்ஷன்ல போய் ஏற?”

“நான் போட்டது வலது.”

“நான் பார்த்தது இடது லா! சாமி மேல சத்தியம்!”

சந்தியில் தோட்டத்து வாசலில் காவலிருப்பவர் முன்னே வந்தார். “ரெண்டு பேரும் விடற கதைய கேட்டா சிரிப்பா வருது. மோதுனதும் மொதல்ல ஓடியாந்தவன் நான். லிவர் நட்டநடுவுல நிக்குது. வலதுமில்ல, இடதுமில்ல. ஒருத்தரும் ஒன்னும் போடல.”

மூன்று சாட்சி, மூன்று கதை. எங்கள் துரை, அதாவது மேலாளர், கோலாலம்பூரிலிருந்து வந்தவர். நிதானமானவர். எல்லாரையும் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை முறையான விசாரணை என்று சொன்னார். காவலரின் சாட்சியம் எந்தப் பக்கமும் சேராதது என்பதால் அவரிடம் அதுவே எடுபட்டது. தவறு மணியம் அண்ணனுடையது என்று முடிவானால் அவர் இனித் தோட்டத்து வண்டி எதையும் தொடக்கூடாது, வீட்டையும் விடவேண்டும். தவறு குணாவுடையது என்றால் அவனை அன்றே அனுப்பிவிடுவதாக அவன் முதலாளி எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு மணியம் அண்ணன் என்னிடம் வந்தார். “வேல போனா போகுது தங்கச்சி. வீடுகூடப் போகட்டும். ஆனா ‘சிக்னல் போடாம போட்டேன்னு பொய் சொன்னான்’னு பேரோட போக வெச்சிராதீங்க. அத மட்டும் பாத்துக்கங்க.”

நான் உள்ளுக்குள் வாதங்களை அடுக்கத் தொடங்கிவிட்டேன். ஆ சோங் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“நீ யார் கட்சி?”

“இதுல என்ன சந்தேகம்? மணியம் அண்ணன் கட்சி.”

“அப்ப நீ இந்த வண்டியத் தொடாத. நான் வேற ஆள வெச்சுப் பாக்கறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயத்தை நியாயம் என்று ஒப்புக்கொள்வதும் மேடைப் பண்புதான். “சரி போர்மேன். வண்டி கட்சி.”

“ஆங். அது பேச்சு.”

பிறகு அவர் சிவப்பு ஒட்டுநாடாவை எடுத்துவந்து, மணியம் அண்ணனும் குணாவும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டீரிங் தண்டின் மூடியைச் சுற்றி இறுக்கமாக ஒட்டினார். சுவிட்சை யாரும் திறக்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. “இப்ப தொறந்தா, உள்ள என்ன இருந்துச்சுன்னு நாம சொல்றத யாரும் நம்பமாட்டான். மூடி வெச்சே கண்டுபிடி,” என்றார் என்னிடம்.

நசுங்கிய தகட்டைச் சக்கரத்தில் உரசாதபடி இழுத்துவிட்டோம். உடைந்த வலது முன் சிக்னல் விளக்குக்குப் பதில் ஒரு பல்பைக் கம்பியில் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் பல்பு இல்லாவிட்டால் சிமிட்டும் வேகமே மாறி, சோதனை சோதனையாக இராது. பின்பு ஒவ்வொன்றாகத் தொடங்கினேன். பேட்டரி சரி. பியூஸ் சரி. சிமிட்டும் டப்பா சரி. சோதனை விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். வலதுக்கு வலது, இடதுக்கு இடது. துருவேறிய இணைப்பு எதிலாவது மின்சாரம் வழிதவறி எதிர்ப்பக்கத்து விளக்கை ஏற்றுகிறதா என்றும் பார்த்தேன். பழைய கார்களில் அது நடக்கும். இதில் இல்லை. லிவரை இப்படியும் அப்படியும் கை வலிக்கும்வரை தள்ளினேன். அது ஒழுங்கான பிள்ளையைப்போல் சொன்னதைச் செய்தது.

“எல்லாம் சரின்னா பழுது எங்க?” என்றார் ஆ சோங்.

“அப்ப மூணு பேர்ல ரெண்டு பேரு பொய் சொல்றாங்க.”

“இல்லன்னா நாம இன்னும் சரியா கேக்கல.”

அவர் முக்காலியை இழுத்துப்போட்டார். மணியம் அண்ணனை உட்காரவைத்து, கோயிலிலிருந்து மோதல்வரை ஒவ்வோர் அசைவாகச் சொல்லச் சொன்னார். அண்ணன் சொல்லி முடித்ததும் தம் ஒற்றைக் கேள்வியைக் கேட்டார்.

“சத்தம் எப்ப நின்னுச்சு?”

“எந்தச் சத்தம்?”

“டிக் டிக்.”

மணியம் அண்ணன் யோசித்தார். “நிக்கவே இல்லயே. எப்பவும் வளைவு முடிஞ்சதும் லிவர் தானா விழுந்துரும், சத்தம் நின்னுரும். நான் மறுபடி வலது போட்டுக்குவேன். தெனம் அதான். அன்னிக்கு மட்டும் விழல. சத்தமும் நிக்கல, பச்சையும் அணையல. நல்லதாப் போச்சுன்னு அப்படியே வந்துட்டேன்.”

என் உடம்பில் ஓர் அதிர்வு ஓடியது. எதிரணிப் பேச்சாளர் தம்மையறியாமல் ஒரு சொல்லை விட்டுவிடும்போது மேடையில் வருமே, அதே அதிர்வு.

“அண்ணே, விழலையா? இல்ல, விழுந்தது நிக்கலையா?”

“என்னம்மா சொல்ற?”

நான் ஆ சோங்கைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். இருவர் மனத்திலும் ஒன்றே ஓடியது. வளைவு முடிந்து ஸ்டீரிங் நேராகும்போது, உள்ளே இருக்கும் பல் லிவரைத் தட்டியிருக்கிறது. வலதிலிருந்து கிளம்பிய லிவர் நடுவில் நிற்கவேண்டும். நிற்காமல் நடுவைத் தாண்டி இடதுக்கே போய்விட்டிருந்தால்? சத்தம் நிற்காது. பச்சைப் பொட்டும் அணையாது, அது இரண்டு பக்கத்துக்கும் பொதுவல்லவா? ஓட்டுபவர் காதுக்கும் கண்ணுக்கும் எல்லாம் சரி. பின்னால் வருபவனுக்கோ இடது.

நினைப்பது வேறு, காட்டுவது வேறு. ஸ்டீரிங்கை வலப்பக்கம் வளைத்து நேராக்கிப் பார்த்தோம். லிவர் அழகாக நடுவில் வந்து நின்றது. பலமுறை செய்தும் அதே. கொழுந்து லோரி என் நினைவுக்கு வந்தது. “நிக்கற வண்டி சாட்சி சொல்லாது, போர்மேன். ஓட்டிப் பாக்கணும்,” என்றேன்.

தொழிற்சாலைக்கு முன்னால் லோரிகள் திரும்புவதற்கென்று பெரிய வட்டத்திடல் உண்டு. ஆமையை அங்கே கொண்டுபோனோம். மணியம் அண்ணன் ஓட்ட, நான் பின்னிருக்கையிலிருந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆ சோங் வண்டிக்குப் பின்னால் நின்றார். இரண்டு சுற்றில் ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் அண்ணன் கொஞ்சம் பழக்கத்துக்கு வந்தார். வளைவின் முடிவில் இரண்டு உள்ளங்கையையும் தளர்த்தினார். ஸ்டீரிங் கிணற்றுக் கயிற்றைப்போல் அவர் கைக்குள் வழுக்கிச் சரேலென்று தானே நேரானது. மலையில் பழகிய கை அப்படித்தான் ஓட்டும். அதே கணம் பின்னாலிருந்து ஆ சோங்கின் குரல், என் பணிக்காலத்தில் முதல்முறையாக உயர்ந்து கேட்டது.

“பேச்சாளரம்மா! இடது எரியுது லா!”

புரிந்துவிட்டது. மெல்லத் திருப்பினால் பல் மெல்லத் தட்டும். லிவர் நடுவில் நிற்கும். சரேலென்று திரும்பினால் பல் பலமாகத் தட்டும்; லிவர் நடுவைத் தாண்டி ஓடும். பணிமனைத் தரையில் நின்ற காரின் ஸ்டீரிங்கை நாங்கள் கைகளால் இழுத்து இழுத்துத் திருப்பினோம். அந்த வேகத்தில் அது ஒருநாளும் வெளிப்பட்டிருக்காது. ஓடும்போதும் ஒவ்வொரு தடவையும் வரவில்லை. நான்கைந்து சுற்றில் ஒருமுறைதான் வந்தது. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னிலையிலும் வருமா?

வெள்ளிக்கிழமை அதே திடலில் பாதித் தோட்டம் கூடியிருந்தது. நான் துரையிடம் ஒன்று கேட்டேன். விபத்தன்று குணா எங்கிருந்து பார்த்தானோ அங்கிருந்தே அவர் பார்க்கவேண்டும். துரை மறுக்கவில்லை. காய்கறி லோரியில் ஏறி, குணாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆமை முன்னே, லோரி பின்னே.

முதல் சுற்று. மணியம் அண்ணன் துரைக்கு முன்னால் உரிமத் தேர்வுக்கு வந்தவரைப்போல ஸ்டீரிங்கை இறுகப் பிடித்து, அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். லிவர் நடுவில் விழுந்தது. சத்தம் நின்றது. இரண்டாம் சுற்றும் அப்படியே. மூன்றாவதும்.

லோரி முதலாளி சிரித்தார். “என்னாங்க இது, சர்க்கஸா? யானை எப்ப வரும்?”

கூட்டத்தில் சலசலப்பு. உண்மையைச் சொல்லுகிறேன்: என் கையில் நல்ல உரை ஒன்று தயாராக இருந்தது. அவையைக் கட்டிப்போட என்னால் முடியும். வாய் திறந்தும்விட்டேன். அப்பொழுது தொழிற்சாலைச் சுவரில் சாய்ந்திருந்த ஆ சோங்கைப் பார்த்தேன். அவர் ஆமையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். உரையை மடித்து வைத்துவிட்டுக் காரின் சன்னலுக்குப் போனேன்.

“அண்ணே, துரைய மறந்துருங்க. பின்னாடி வெள்ளக்காரங்க ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. மழை வர்ற மாதிரி இருக்கு. அவங்களுக்கு டீ ஆறிப்போகுது. எப்பவும் போல வீட்டுக்கு ஓட்டுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். முகம் தளர்ந்தது. “டீ ஆறக்கூடாதுல்ல,” என்றார். ஆமை கிளம்பியது. வளைவின் முடிவில் அந்தக் கைகள் தளர்ந்ததை நான் தூரத்திலிருந்தே கண்டேன்.

அடுத்த நொடி லோரியின் சன்னலிலிருந்து துரையின் தலை வெளியே வந்தது. “இடது! இடது எரியுது!”

“இப்ப சொல்லுங்க துரை,” என்று குணா உள்ளிருந்து கத்தினான். “நான் ஏறலாமா, கூடாதா?”

“ஏறலாம்,” என்றார் துரை.

முன்னால் காரை நிறுத்திய மணியம் அண்ணனின் குரல் வந்தது. “வலதுதான் துரை போட்டிருக்கேன்! சத்தம் கேக்குதே!”

“அண்ணே, கைய எடுத்துட்டு லிவரப் பாருங்க,” என்றேன், காரருகே ஓடிப்போய்.

அவர் குனிந்து பார்த்தார். லிவர் இடப்பக்கம் இருந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னும் ஒரு சாட்சி பாக்கி. காவலரைச் சன்னலருகே வரச்சொல்லி, அண்ணனைச் சந்தியில் திரும்புவதுபோல் மெதுவாக வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். போட்டிருந்த பக்கத்துக்கு எதிராக ஸ்டீரிங் சுழன்றதால் பல் மெல்லத் தட்டியது. இடதிலிருந்த லிவர் நடுவில் வந்து அடங்கியது.

“அட!” என்றார் காவலர். “இதத்தாங்க நான் பார்த்தேன்!”

துரை லோரியிலிருந்து இறங்கி வந்தார். “அமுதவல்லி, நீங்க ஏதாவது சொல்லணுமா?”

“மூணு பேரும் உண்மையத்தான் சொன்னாங்க, துரை.”

என் வாழ்வில் நான் ஆற்றிய உரைகளிலேயே மிகச் சிறியது அது. அதற்குக் கிடைத்ததைப்போன்ற கைதட்டல் எந்தச் சுழற்கிண்ணத்துக்கும் கிடைத்ததில்லை.

ஆ சோங் சுவரை விட்டு வந்து, திருப்புளியை என்னிடம் நீட்டினார். “இப்ப கழட்டு.”

எல்லாரும் பார்க்கச் சிவப்பு நாடாவை அறுத்துச் சுவிட்சைத் திறந்தேன். உள்ளே மிளகளவு எஃகு உருண்டை ஒன்று. அதை அழுத்த ஒரு குட்டி ஸ்பிரிங். லிவர் நடுவுக்கு வரும்போது அந்த உருண்டை பித்தளைத் தகட்டிலுள்ள ஒரு குழியில் விழுந்து அதை நிறுத்தவேண்டும். பல்லாண்டுத் தேய்மானத்தில் குழி குழியாக இல்லை, தட்டையாகிவிட்டிருந்தது. ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. ஓடிவரும் லிவரைப் பிடித்து நிறுத்த அங்கே ஆளில்லை. அந்தப் பாகம் எங்கும் கிடைக்காது. நானே பித்தளையில் புதிய தகடு வெட்டி, அரத்தால் குழி எடுத்து, விறைப்பான ஸ்பிரிங் ஒன்றைப் பொருத்தினேன். அந்தக் குழியின் ஆழத்தைச் சரியாகக் கொண்டுவர மூன்று தகடுகள் வீணாயின. நான்காவது இன்றுவரை உள்ளே இருக்கிறது.

துரை இருவர் மீதும் குற்றமில்லை என்று முடிவு செய்தார். கோயிலருகே போடும் சிக்னலை வளைவு முடிந்ததும் கண்ணால் பார்த்து மீண்டும் போடவேண்டும், காதை நம்பக்கூடாது என்று பழைய உத்தரவோடு ஒரு வாக்கியம் சேர்த்தார். அந்த வாக்கியம் நான் எழுதிக் கொடுத்தது. பெருமையோடுதான் சொல்கிறேன்.

குணா அன்று போகுமுன் மணியம் அண்ணனிடம் வந்து நின்றான். அண்ணனே பேசினார்.

“என்னாடா பாக்கற? பொய்யன்னு சொன்னியே.”

“நீங்களுந்தாண்ணே சொன்னீங்க.”

“சரி, வா. டீ ஆறிப்போகுது.”

நான் ஓய்வு பெற்ற நாளன்று, தானா ராத்தாவில் விருந்து முடிந்து என்னை ஆமையில்தான் தோட்டத்துக்கு அழைத்துவந்தார்கள். ஓட்டியவர், எனக்கு முன்பே ஓய்வு பெற்று, அன்று எனக்காகவே வந்திருந்த மணியம் அண்ணன். தூறிக்கொண்டிருந்தது. முனீஸ்வரர் கோயிலருகே வலது போட்டார். வளைவின் முடிவில் அவர் கைகள் தளர்ந்தன. ஸ்டீரிங் சரேலென்று வழுக்கியது. லிவர் நான் வெட்டிய குழியில் வந்து உட்கார்ந்தது. சத்தம் நின்றது. அவர் குனிந்து பார்த்து மீண்டும் வலது போட்டார். பிறகு சன்னல் கண்ணாடியை இறக்கி, மழையில் தம் வலக்கையையும் வெளியே நீட்டினார்.

“என்னாண்ணே, என் வேலைய நம்பலையா?”

“உன் வேலைய நம்பித்தானே ஓட்டறேன்,” என்றார். “இது உள்ள இருக்கறவங்களுக்கு இல்லம்மா. பின்னாடி வர்றவனுக்கு.”

நான் திரும்பிப் பார்த்தேன். காலிக் கூடைகளை ஏற்றிய காய்கறி லோரி ஒன்று, முந்தாமல், வேகத்தைக் குறைத்து எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டைக் கை நனைய நனைய, ஆமை வலப்பக்கம் திரும்பியது.